1500-இல் எத்தனை முக்கிய எண்ணுருக்கள்? அறிவியல் குறியீடு எதற்கு?

கேள்வி இதுதான்: 0.00340 என்ற எண்ணில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் என்கிறார்கள். 1500-இல் இரண்டா நான்கா என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். 12.4-ஐ 3.1-ஆல் பெருக்கினால் 38.44 வருகிறது, ஆனால் 38 என்று எழுதச் சொல்கிறார்கள். சரியாக வந்த விடையை ஏன் வெட்ட வேண்டும்? அறிவியல் குறியீட்டை ஏன் இந்தப் பாடத்தோடு சேர்த்தே நடத்துகிறார்கள்?

இந்த விதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். மறப்பதில் வியப்பில்லை, ஏனென்றால் காரணம் சொல்லப்படுவதில்லை. காரணத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு விதியைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டாம். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட அளவுகோலால் ஒரு கம்பியை அளக்கிறீர்கள். கம்பியின் முனை 7.4 செ.மீ. கோட்டைத் தாண்டி, 7.5-ஐத் தொடாமல் நிற்கிறது. 7.4 வரை சந்தேகமே இல்லை. அடுத்த இலக்கத்தைக் கண்ணால் மதிப்பிட்டு 7.46 என்று எழுதுகிறீர்கள். அந்த 6 இன்னொருவர் பார்வைக்கு 5 ஆகவோ 7 ஆகவோ படலாம். உறுதியாகத் தெரிந்த இலக்கங்களும் அவற்றை அடுத்து வரும் முதல் சந்தேக இலக்கமும் சேர்ந்தவைதான் முக்கிய எண்ணுருக்கள். இங்கே மூன்று. அதே அளவுகோலை வைத்துக்கொண்டு 7.4632 என்று எழுதினால், கடைசி இரண்டு இலக்கங்களும் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆக, அளந்து பெற்ற எண் இரண்டு செய்திகளைச் சுமக்கிறது. அந்த அளவு எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அதை நாம் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறோம் என்பது மற்றொன்று. நாம் வழக்கமாக எண்களை எழுதும் முறையில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. எல்லாக் குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது, அதிலும் பூச்சியங்களில்.

முன்னால் வரும் பூச்சியங்களைப் பாருங்கள். ஒரு தகட்டின் தடிமன் 3.40 மி.மீ. அதையே மீட்டரில் எழுதினால் 0.00340. கிலோமீட்டரில் எழுதினால் 0.00000340. அலகை மாற்றியதால் தகட்டைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை, தெரிந்தது எதுவும் குறைந்துவிடவும் இல்லை. அளவீடு ஒன்றே, அறிவும் ஒன்றே. எனவே மூன்று வடிவத்திலும் முக்கிய எண்ணுருக்கள் மூன்றாகத்தான் இருந்தாக வேண்டும். முன்னால் நிற்கும் பூச்சியங்கள் தசமப் புள்ளியின் இடத்தைக் காட்ட மட்டுமே வந்தவை. கடைசிப் பூச்சியத்தின் கதை வேறு. 3.4 என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும், மெனக்கெட்டு 3.40 என்று எழுதியிருக்கிறார் என்றால், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை பார்த்தேன், அங்கே பூச்சியம்தான் இருந்தது என்று சொல்கிறார். அந்தப் பூச்சியம் அளந்து கிடைத்தது, அதைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டு இலக்கங்களுக்கு நடுவே வரும் பூச்சியமும், 4.07-இல் உள்ளதைப் போல, அளந்து கிடைத்ததுதான்.

இப்போது 1500. இங்கே கடைசி இரண்டு பூச்சியங்களும் அளந்து கிடைத்தவையா, இடத்தை நிரப்ப வந்தவையா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. பல பாடநூல்கள் தசமப் புள்ளி இல்லாவிட்டால் பின்பூச்சியங்கள் கணக்கில் சேராது என்று ஒரு வழக்கத்தை வைத்து 'இரண்டு' என்கின்றன. தேர்வுக்கு அதைப் பின்பற்றுங்கள். ஆனால் அது ஓர் உடன்பாடு மட்டுமே. ஒருவர் உண்மையிலேயே கடைசி மீட்டர் வரை அளந்து 1500 மீ என்று பெற்றிருந்தால், அந்த வழக்கம் அவருடைய உழைப்பில் பாதியை அழித்துவிடுகிறது.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை இந்தச் சிக்கலை அப்படியே காட்டுகிறது. இந்திய நில அளவைத் துறையினர் நெடுந்தொலைவிலிருந்து கோணங்களை அளந்து, பல ஆண்டுகள் கணக்கிட்டு, 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கில் வந்தது சரியாக 29,000 அடி என்றும், அப்படியே வெளியிட்டால் ஏதோ உத்தேசமாகச் சொன்னதாக உலகம் நினைத்துவிடும் என்று அஞ்சி 2 அடியைச் சேர்த்தார்கள் என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதிலுள்ள அச்சம் நியாயமானது. 29,000 என்ற எழுத்துவடிவத்தில் தங்கள் துல்லியத்தைச் சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை.

வழி இருக்கிறது, அதுதான் அறிவியல் குறியீடு: 2.9000 × 10⁴ அடி. இப்படி எழுதினால் ஐந்து இலக்கங்களும் அளந்தவை என்பது ஐயமில்லாமல் தெரியும். உத்தேசமாகச் சொல்வதாக இருந்தால் 2.9 × 10⁴ என்று எழுதலாம். அதேபோல 1500-ஐ 1.5 × 10³, 1.50 × 10³, 1.500 × 10³ என்று மூன்று விதமாக எழுதலாம். மூன்றும் அளவில் ஒன்று, அறிவில் வேறு. 10-இன் அடுக்கு 'எவ்வளவு பெரியது' என்ற செய்தியை எடுத்துக்கொள்கிறது. முன்னால் நிற்கும் எண் 'எவ்வளவு தெரியும்' என்ற செய்தியைத் தாங்குகிறது. அறிவியல் குறியீட்டை வெறும் இடச் சிக்கனத்துக்கான உத்தியாக அறிமுகம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் பெரிய பயன், கலந்து கிடந்த இரண்டு செய்திகளைப் பிரித்து வைப்பதுதான். இரண்டு பாடங்களும் சேர்ந்தே வருவதற்குக் காரணமும் அதுவே.

எழுதும் முறை எளிது. முன்னால் நிற்கும் எண் 1 அல்லது அதற்கு மேல், 10-க்குக் கீழ் இருக்க வேண்டும். அதாவது தசமப் புள்ளிக்கு முன் பூச்சியமல்லாத ஒரே ஓர் இலக்கம். புள்ளியை இடப்பக்கம் எத்தனை இடம் நகர்த்தினீர்களோ அத்தனை நேர் அடுக்கு, வலப்பக்கம் நகர்த்தினால் எதிர் அடுக்கு. 0.00340 என்பது 3.40 × 10⁻³. இங்கே அடிக்கடி நேரும் தடுமாற்றம் ஒன்று: எதிர் அடுக்கு வந்தால் எண்ணே எதிர் எண் என்று நினைத்துவிடுகிறார்கள். 4.5 × 10⁻³ என்பது 0.0045, பூச்சியத்தைவிடப் பெரிய எண்தான். −4.5 × 10³ என்பது −4500. அடுக்கின் குறி சிறியதா பெரியதா என்று சொல்கிறது. எண்ணுக்கு முன்னால் உள்ள குறி, பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்கிறது.

இடச் சிக்கனமும் சிறிய பயனல்ல. பேரண்டத்தை நிரப்ப எத்தனை மணல்துகள் வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் கணக்கிட்டபோது, அவர் காலத்துக் கிரேக்க எண்முறையில் பத்தாயிரம் வரைதான் தனிப்பெயர் இருந்தது. அதற்கு மேலான எண்களைச் சொல்ல அவரே ஒரு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. அவர் வந்து சேர்ந்த மேல்வரம்பை இன்று நாம் 10⁶³ என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

பெருக்கலும் வகுத்தலும் இந்த வடிவத்தில் சுகமாக நடக்கும். முன்னெண்களைத் தனியாகப் பெருக்கி, அடுக்குகளைக் கூட்டினால் போதும். வகுக்கும்போது கழிக்க வேண்டும். சூரியனின் நிறை 1.99 × 10³⁰ கி.கி., ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.67 × 10⁻²⁷ கி.கி. சூரியன் முழுக்க ஹைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால் அணுக்களின் எண்ணிக்கை

1.99 ÷ 1.67 = 1.19; 30 − (−27) = 57; ஆக 1.19 × 10⁵⁷.

இன்னொன்று. சூரியனிலிருந்து ஒளி வந்து சேர எவ்வளவு நேரம்? தொலைவு 1.496 × 10¹¹ மீ, ஒளியின் வேகம் 2.998 × 10⁸ மீ/வி. வகுத்தால் 0.4990 × 10³. முன்னெண் 1-க்குக் கீழே போய்விட்டதால் புள்ளியை ஓரிடம் நகர்த்தி 4.990 × 10² வினாடி என்று எழுத வேண்டும், எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கடைசியில் நிற்கும் பூச்சியத்தைக் கவனியுங்கள். கொடுத்த தரவுகளில் நான்கு இலக்கங்கள் இருந்தன, விடையிலும் நான்கு நிற்க வேண்டும். கால்குலேட்டர் 498.9993... என்று காட்டும், அதை நான்கு இலக்கங்களுக்குக் குறைத்து அந்தப் பூச்சியத்தோடு நீங்கள்தான் எழுத வேண்டும்.

கால்குலேட்டர் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அதிலுள்ள 'ஈஎக்ஸ்பி' அல்லது 'ஈஈ' பொத்தானுக்கு 'பெருக்கல் பத்தின் அடுக்கு' என்று முழுப் பொருளும் உண்டு. 6.022 × 10²³ என்பதை உள்ளிட, 6.022 அழுத்தி, அந்தப் பொத்தானை அழுத்தி, 23 அழுத்தினால் போதும். நடுவில் 'பெருக்கல் 10' என்பதையும் சேர்த்து அழுத்தினால் விடை பத்து மடங்கு பெரிதாகிவிடும்.

இனி 38.44 ஏன் 38 ஆகிறது என்பதற்கு வருவோம். 12.4 ஒரு செவ்வகத்தின் நீளம், 3.1 அதன் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 12.4 என்றால் உண்மையான நீளம் 12.35-க்கும் 12.45-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 3.1 என்றால் 3.05-க்கும் 3.15-க்கும் இடையில். குறைந்தபட்சப் பரப்பு 12.35 × 3.05, அதாவது சுமார் 37.7. அதிகபட்சம் 12.45 × 3.15, சுமார் 39.2. ஆக, விடையின் இரண்டாவது இலக்கமே 7, 8, 9 என்று ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, புள்ளிக்குப் பின் வரும் 44-ஐ நம்ப என்ன இருக்கிறது? 38 என்று எழுதும்போது எதையும் இழக்கவில்லை, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதான். பெருக்கலிலும் வகுத்தலிலும், மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் கொண்ட தரவு எதுவோ அதன் எண்ணிக்கையே விடைக்கும் என்ற விதி இப்படிப் பிறந்ததுதான்.

மிகப் பெரிய அளவிலும் இது உண்மை. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களைத் துல்லியமாகக் கண்காணிப்பதால், ஈர்ப்பு மாறிலியையும் பூமியின் நிறையையும் பெருக்கி வரும் மதிப்பு நமக்குப் பத்து இலக்கங்களுக்குத் தெரியும்: 3.986004418 × 10¹⁴ மீ³/வி². ஆனால் ஈர்ப்பு மாறிலியைத் தனியாக ஆய்வகத்தில் அளப்பது மிகக் கடினம், அது 6.6743 × 10⁻¹¹ என்று ஐந்து இலக்கங்களுக்கே தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பூமியின் நிறை 5.9722 × 10²⁴ கி.கி. இதிலும் ஐந்தே இலக்கங்கள். பத்து இலக்கத் தரவு கையில் இருந்தும் பயனில்லை. நன்றாகத் தெரிந்ததை இன்னும் நன்றாக அளப்பதால் விடை மேம்படாது, பலவீனமான அளவீட்டைத்தான் சீர்செய்ய வேண்டும். ஆய்வகத்தில் எந்தக் கருவிக்கு நேரம் செலவிடுவது என்று முடிவு செய்ய இந்த ஒரு விதி போதும்.

கூட்டலிலும் கழித்தலிலும் எண்ணிக்கை முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். 152.06 + 3.7 + 0.418 = 156.178. இதில் 3.7-இன் பத்தில் ஒன்றாம் இடமே சந்தேகத்துக்குரியது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே விடை 156.2. அறிவியல் குறியீட்டில் கூட்டும்போது முதலில் அடுக்குகளைச் சமமாக்க வேண்டும். 4.71 × 10⁵ + 3.2 × 10³ என்பதை 4.71 + 0.032 என்று மாற்றினால் 4.742, ஆக 4.74 × 10⁵.

கழித்தலில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, பாடநூல்கள் இதற்கு இன்னும் இடம் தரலாம் என்பது என் கருத்து. 8.142 − 8.137 = 0.005. நான்கு நான்கு இலக்கங்களோடு தொடங்கி, ஒரே ஓர் இலக்கத்தோடு முடிகிறோம். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால், தெரிந்த இலக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சந்தேக இலக்கம் மட்டும் எஞ்சுகிறது. சில நேரம் கணக்கை வேறு வடிவத்தில் எழுதி இதைத் தவிர்க்கலாம். 10001-இன் வர்க்கமூலத்திலிருந்து 100-ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு இலக்கங்களோடு நேராகச் செய்தால் 100.005 − 100.000 = 0.005. அதையே 1-ஐ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதாக மாற்றி எழுதலாம் (இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றே): 1 ÷ 200.005 = 4.99988 × 10⁻³. ஆறு இலக்கங்களும் சரி. கணினியில் நிரல் எழுதுபவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை, ஏனெனில் கணினியும் எண்களை அறிவியல் குறியீட்டைப் போன்ற வடிவில்தான் வைத்திருக்கிறது, 10-க்குப் பதில் 2-இன் அடுக்குகளில். வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 53 இரும இலக்கங்கள், அதாவது சுமார் 16 தசம இலக்கங்கள். அதற்கு மேல் அதற்கும் தெரியாது.

எல்லா எண்களும் அளந்தவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தவையும் வரையறுத்தவையும் துல்லியமானவை. அவற்றுக்கு முக்கிய எண்ணுருக்கள் முடிவில்லாதவை, விடையை அவை கட்டுப்படுத்தாது. வட்டத்தின் விட்டம் ஆரத்தைப் போல் 2 மடங்கு என்பதில் உள்ள 2 அப்படிப்பட்டது. ஒரு அங்குலம் 2.54 செ.மீ. என்பதும் வரையறை. ஒளியின் வேகம் 1983 முதல் 299,792,458 மீ/வி என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. 2019-இல் அவகாட்ரோ எண்ணும் 6.02214076 × 10²³ என்று நிலைப்படுத்தப்பட்டது. இவற்றில் இனிமேல் சந்தேக இலக்கம் கிடையாது.

ஆனால் துல்லியமான எண்ணால் பெருக்கியதால் விடை துல்லியமாகிவிடாது. மனித உடலின் சராசரி வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பலரும் அறிவார்கள். ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-இல் வெளியிட்ட ஆய்வில் சொன்ன 37 டிகிரி செல்சியஸிலிருந்து வந்த எண் அது. 37-ஐ இரண்டு இலக்க எண்ணாக எடுத்துக்கொண்டால் 36.5-க்கும் 37.5-க்கும் இடைப்பட்டது என்று பொருள்; ஃபாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. மாற்றும் சூத்திரம் துல்லியமானதுதான், ஆனால் கடைசியில் வந்த '.6' உடலிலிருந்து வரவில்லை, சூத்திரத்திலிருந்து வந்தது. அந்த ஒரு தசமத்தை நம்பி 98.9 என்றதும் பதறுபவர்கள் இருக்கிறார்கள்.

முழுமைப்படுத்துவதில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒரே தாவலில் செய்யுங்கள்: 4.346-ஐ இரண்டு இலக்கத்துக்குக் குறைத்தால் 4.3. அதை முதலில் 4.35 ஆக்கி, பிறகு 4.4 ஆக்கினால் தவறு. இரண்டாவது, வெட்டப்படும் பகுதி சரியாக 5 ஆக இருந்தால், முந்தைய இலக்கம் இரட்டை என்றால் அப்படியே விட்டு, ஒற்றை என்றால் ஒன்று கூட்ட வேண்டும்: 2.5 என்பது 2, 3.5 என்பது 4. விநோதமாகத் தோன்றும் இந்த விதிக்குப் பொருள் உண்டு. எப்போதும் மேலே ஏற்றினால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தமும் மேல்நோக்கிச் சாயும். எப்போதும் கீழே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் சாட்சி. 1982-இல் 1000-த்தில் தொடங்கிய அது, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் வெட்டப்பட்டது, முழுமைப்படுத்தப்படவில்லை. 1983 நவம்பரில் அது 524 அளவில் நின்றது. பிழையைக் கண்டு திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1098.892.

கணக்கின் நடுவில் முழுமைப்படுத்தாதீர்கள். இடைப்பட்ட படிகளில் ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாகவே சுமந்து சென்று, கடைசியில் ஒரே முறை குறையுங்கள். 1961-இல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட, அச்சில் இருந்த 0.506-ஐ உள்ளிட்டார். கணினியின் நினைவில் இருந்ததோ 0.506127. நாலாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு, ஆனால் சில மாத வானிலைக்குள் இரண்டு கணக்குகளும் முற்றிலும் வேறு வேறு திசையில் போய்விட்டன. நம் பாடக் கணக்குகள் அவ்வளவு எளிதில் சிதறாது, என்றாலும் கடைசி இலக்கம் மாறிப்போக ஓரிடத்து அவசரம் போதும்.

ஓர் எண்ணைப் பெற 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று சொல்லும் மடக்கைக்கு ஒரு தனி விதி. மடக்கையில் புள்ளிக்கு முன் உள்ள பகுதி 10-இன் அடுக்கிலிருந்து வருவது, புள்ளிக்குப் பின் உள்ளவையே முக்கிய எண்ணுருக்களுக்கு ஈடானவை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு, ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் குறி மாற்றி எழுதியது. அந்தச் செறிவு 2.5 × 10⁻⁴ என்றால் பிஎச் மதிப்பு 3.60, செறிவில் இரண்டு இலக்கம், பிஎச்சில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். 1.01, 9.99 இரண்டிலும் மூன்று முக்கிய எண்ணுருக்கள். ஆனால் கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் முதலாவது ஒரு சதவீதம் மாறுகிறது, இரண்டாவது பத்தில் ஒரு சதவீதமே மாறுகிறது. ஒரே எண்ணிக்கைக்குள் பத்து மடங்கு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. அதனால் தீவிரமான அளவீட்டுப் பணியில் பிழை எல்லையை வெளிப்படையாகவே எழுதுவார்கள். ஈர்ப்பு மாறிலியை 6.67430(15) × 10⁻¹¹ என்று அட்டவணைகளில் காணலாம். அடைப்புக்குள் உள்ள 15, கடைசி இரண்டு இலக்கங்களுக்கான பிழை எல்லை, அதாவது 6.67430-இல் 0.00015 கூடவோ குறையவோ இருக்கலாம். பிழை எல்லை கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் முக்கிய எண்ணுருக்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அந்த எல்லையையே பின்பற்றுங்கள். கொடுக்கப்படாத இடத்தில், மேலே பார்த்த எண்ணிக்கை விதிகளைக் கடைப்பிடியுங்கள். கேள்வியிலேயே 1500 என்று மட்டும் போட்டிருந்தால் பாடநூல் வழக்கப்படி இரண்டு என்று எழுதிவிட்டு, உங்கள் சொந்த அளவீட்டைப் பதியும்போது 1.500 × 10³ என்று எழுதுங்கள்.